ஐந்து கேபிள் டை

ஸ்டீயரிங் கனக்கிறது என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கோளாறு என்னவென்று சொல்லிவிடுவேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருபத்தாறு வருஷமாக இதே வேலை. பம்ப் முனகுகிறதா, பெல்ட் வழுக்குகிறதா, எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறதா, எல்லாம் காதாலேயே தெரிந்துவிடும். தெரியும் என்கிற திமிரும் உண்டு. அந்தத் திமிரில் ஒரு மனுஷனின் பேரைக் கெடுத்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு ஆறிவிடும் என்றெல்லாம் நம்பிக்கை கிடையாது.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியின் கார்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். தெற்கத்திக்காரர். கடை பெரிதாகி, பக்கத்துக் கட்டிடத்தையும் வாங்கி, அதற்கு மேல் என்ன வாங்குவது என்று தெரியாத நிலையில் ஒரு சொகுசுப் படகை வாங்கிவிட்டார். பழைய படகுதான். துறைமுகத்துக்குள் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் கட்டிவைக்கிற ஒரு மூலையில் அது நின்றது. எஞ்சின் படகுக்குள்ளே, பின்கோடியில் ஒரு பெரிய மூடிக்குக் கீழே இருக்கும். புரொப்பெல்லர் மாட்டிய கால் மட்டும் வெளியே தண்ணீரில் தொங்கும். முன்னால் வீலைத் திருப்பினால் பின்னால் அந்தக் கால் திரும்பும், படகும் திரும்பும். எஞ்சினைப் பார்த்தால் நம் ஊர்க் கார் எஞ்சினுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. பவர் ஸ்டீயரிங்குக்கு அதே பெல்ட், அதே பம்ப், அதே எண்ணெய் டப்பா.

"காருக்கும் இதுக்கும் என்னவே பெரிய வித்தியாசம்? நீரே பாத்துக்கிடும்" என்றார் அண்ணாச்சி. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு படகைத் தொட்டதுகூடக் கிடையாது அதுவரை.

படகை ஓட்ட ஒரு டிரைவரை அவரே பிடித்து வைத்திருந்தார். பட்டினப்பாக்கத்துக்காரர், ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கட்டுமரத்தில் ஆரம்பித்து, ஃபைபர் படகு, விசைப்படகு என்று எல்லாம் ஓட்டியவர். முதல் நாள் நான் போய் அண்ணாச்சி முன்னால் சாவியைத் திருகப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இரு மேஸ்திரி. மொதல்ல பின்னால மூடிய தொற. உள்ள பெட்ரோல் வாசன கீதான்னு மோந்து பாரு. அப்பால சாவியப் போடு. இது ரோட்டு வண்டி இல்ல, மூடி வச்ச டப்பா. பத்திக்கிச்சின்னா எறங்கி ஓட எடம் கிடையாது."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டீராவே? மெக்கானிக்குக்கே கிளாஸ் எடுக்கான்!"

அந்த ஆள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரி என்பதால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அதற்குப் பிறகும் நாங்கள் எத்தனையோ முறை துறைமுக வாசல் கடையில் சேர்ந்து டீ குடித்திருக்கிறோம். ஒருமுறை அவரே சொன்னார், மகளுக்கு அம்மை போட்டுக் கிடந்தபோது அம்மன் வாசலில் சத்தியம் பண்ணி, ஏழு வருஷமாகச் சாராயத்தைத் தொட்டதில்லை என்று. நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மணிக்கட்டைப் பிடித்தது மட்டும் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிலில் அது வெறும் பொரி, கடலை, பூசணிக்காய் சமாச்சாரம் இல்லை. அதற்கு முந்தின நாள் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் அத்தனையையும் கழுவி, துடைத்து, தொங்குகிறதையெல்லாம் கட்டி, பளிச்சென்று ஆக்கிவிட்டுத்தான் சந்தனம் வைப்போம். பெயின்ட் உதிர்ந்தால்கூட மன்னிப்பு உண்டு, ஒயர் தொங்கினால் கிடையாது. தொங்குகிற ஒயரைப் பார்த்தாலே வேலைக்காரன் யோக்கியதை தெரிந்துவிடும் என்று என்னிடம் வேலை பார்த்தவர்களை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

அந்த வருஷம் படகுக்கும் பூஜை போட வேண்டும் என்றார் அண்ணாச்சி. முந்தின நாளே போய் எஞ்சின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒயர்களும் குழாய்களும் பிரித்துப்போட்ட முடி மாதிரி கிடந்தன. அதில் முன்னாலிருந்து வருகிற ஸ்டீயரிங் கேபிள் இருக்கிறதே, விரல் கனத்தில் கறுப்பு உறை போட்டது, அது கடைசி ஒரு கை நீளத்துக்கு எதையும் தொடாமல் சும்மா வளைந்து நின்றது. முன்னால் வேலை பார்த்தவன் சோம்பேறி என்று நினைத்தேன். வாய்விட்டுத் திட்டவும் செய்தேன். அந்தக் கேபிளை இழுத்து, பக்கத்தில் இருந்த இரும்புப் பட்டையோடும் ஒயர்க் கட்டோடும் சேர்த்து, கறுப்பு பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கினேன். ஐந்து இடத்தில் போட்டேன். மீதி வாலைக் கட்டிங் பிளேயரால் ஒட்ட நறுக்கினேன். மறுநாள் அண்ணாச்சி குடும்பத்தோடு வந்து பார்த்து, "வேலன்னா இதுவே வேல" என்று எஞ்சினோடு என்னையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்.

ஒரு வாரத்தில் டிரைவரிடமிருந்து போன். "மேஸ்திரி, வீலு ரொம்ப வலிக்குது. இன்னான்னு வந்து பாரேன்."

வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடித்தேன். கடைசியில் போன நாள் வடபழனியில் என் மச்சான் மகள் கல்யாணம். முகூர்த்தம் பார்த்து, பந்தியில் உட்கார்ந்து மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டு, பட்டு வேட்டியோடு நேராகத் துறைமுகம் போய்விட்டேன். பவர் ஸ்டீயரிங் கனத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? கேபிளைப் பின்பக்கம் கழற்றிவிட்டு வீலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் வீல் கனத்தால் கேபிளுக்குள் துரு. லேசாகச் சுற்றினால் கோளாறு அதற்குப் பின்னால். அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை. ஆனால் அதற்கு எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய்த் தண்ணீரில் வயிற்றைப் போட்டுப் படுக்க வேண்டும். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே நின்றபடியே எட்டிப் பார்த்தேன். எண்ணெய் சரி, பெல்ட் சரி, பம்பில் சத்தம் இல்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நல்லா இல்ல மேஸ்திரி. எஞ்சினு ஓடும்போதும் இதே கனம், நிறுத்துனாலும் இதே கனம். அப்ப பவரு எங்க போவுது?"

இதைவிடத் தெளிவாக எவனும் கோளாறைச் சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு கஸ்டமர்கூட எனக்கு இப்படிச் சொன்னதில்லை. நான் காதில் வாங்கவில்லை. அவர் விடாமல் குனிந்து, நான் கட்டிய கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"முன்னாடில்லாம் வீல திருப்புனா இந்த பைப்பு துளியூண்டு அசையும். நான் பாத்துகினே இருப்பேன். இப்ப கட்டிப்போட்ட மாடு கணக்கா நிக்குது."

"யோவ், எனக்கு நீ தொழில் சொல்லித் தரியா? படகு ஓட்டத் தெரிஞ்சா ஓட்டு, இல்லன்னா வலை பின்னப் போ!"

அவர் மூடியை மெதுவாக இறக்கி வைத்தார்.

தீபாவளிக் கூட்டம் தொடங்கியிருந்த சமயத்தில் ஒருநாள் கடையில் அண்ணாச்சியைப் பார்த்தேன். பட்டுப் பிரிவில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலிலும் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "என்னவே, டிரைவர் ஸ்டீயரிங் ஸ்டீயரிங்னு போன் மேல போன் போடுதான். நல்லாப் பாத்தீரா?"

"ஸ்டீயரிங்ல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. பிடிக்கிற கை நடுங்கினா நான் என்ன பண்றது?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்துக் காட்டினேன். வாயால் சொல்லவில்லை, விரலால் காட்டினேன். அண்ணாச்சி முகம் மாறியது. "அப்படியா சங்கதி" என்றார்.

எதற்காகக் காட்டினேன் என்று என்னையே பல தடவை கேட்டாயிற்று. கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது, சட்டென்று ஒரு பதில் கையில் இருந்தது. அதுவும் ஒரு சப்பைக்கட்டுதான். மணிக்கட்டைப் பிடித்த கணக்கை அன்றைக்குத் தீர்த்துக்கொண்டேன், அதுதான் நிஜம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி தன் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டாரைப் படகில் ஏற்றிக் கூட்டிப்போனார். எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் வரச்சொன்னார். போகும்போதே டிரைவர் நின்றுகொண்டுதான் ஓட்டினார். உட்கார்ந்து அந்த வீலைத் திருப்ப முடியாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் உடம்பு முழுக்க அதன்மேல் சாய்ந்தது. முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கிடந்தது. நான் முறுக்குத் தின்றபடி வேடிக்கை பார்த்தேன்.

திரும்பி வந்து துறையை ஒட்டும்போது எதிரே வேறொரு படகு விலகி வந்தது. அவர் வலதுபக்கம் ஒடித்தார். பின்னால் தண்ணீரில் இருந்த கால் திரும்பவில்லை. வீலில் தொங்கி இன்னும் இழுத்தார். அப்போது அவர் தோளிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கோழி எலும்பை ஒடிக்கிற மாதிரி, பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. படகு மெதுவாக, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிமென்ட் சுவரில் போய் இடித்தது. சம்பந்தியம்மா உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தார். அடியொன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அண்ணாச்சிக்கு மானம் போய்விட்டது.

"பட்டப்பகல்ல ஊத்திக்கிட்டு வந்து நிக்கியா? பொண்டு புள்ளைக இருக்க படகுல! எறங்குல கீழ!"

டிரைவர் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, நீ பக்கத்துலயே தான நின்ன. ஒரு வார்த்த சொல்லு. என் மேல வாசன அடிக்குதா? நான் குட்சிருக்கேனா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வியர்வை வாசனையைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் படகு ஏன் திரும்பவில்லை என்பது. அந்தக் கேள்வி என் மேல் வரும்.

"எனக்கென்னய்யா தெரியும்?" என்றேன்.

அவர் இறங்கிப் போனார். செருப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

தை பிறந்ததும் புது டிரைவர் வந்தார், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே வீலை அரைச்சுற்று சுற்றிவிட்டு, "என்ன சார் இது, ஸ்டீயரிங் செத்துப்போயிருக்கு. கேபிளைக் கழட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இந்த முறை தட்டிக்கழிக்க வழியில்லை. பனியனோடு எஞ்சினுக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன். கேபிள் முனையைக் கழற்றினேன். வீல் லேசாகச் சுற்றியது, துரு இல்லை. வெளியே புரொப்பெல்லர் காலைக் கையால் தள்ளச் சொன்னேன். நகர்ந்தது, அதிலும் சிக்கல் இல்லை. மறுபடி மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெயைத் திறந்துவிடுகிற வால்வை என் கையாலேயே அழுத்தினேன். கால் தானாக விருட்டென்று திரும்பியது. பம்பும் நன்றாக இருக்கிறது, வால்வும் நன்றாக இருக்கிறது. வால்வை யாரும் அழுத்தவில்லை, அவ்வளவுதான் கோளாறு.

அதை அழுத்த வேண்டியது அந்தக் கறுப்புக் கேபிளின் உறை. வீலைத் திருப்பும்போது உள்கம்பி ஒருபக்கம் தள்ளினால் உறை மறுபக்கம் ஒரு துளி நகரும். அந்த ஒரு துளி நகர்வில்தான் வால்வு திறக்கும். அதற்காகத்தான் அதைச் செய்தவன் கடைசி ஒரு கை நீளத்தைக் கட்டாமல் விட்டிருந்தான். சோம்பேறி இல்லை அவன். அதை நான் கட்டிப்போட்டால் பவர் எங்கே போகும்? எங்கேயும் போகாது. இரண்டு மாதமாக அந்தப் படகைத் திருப்பியது ஓர் ஆளின் தோள்.

படுத்தபடியே கட்டிங் பிளேயரை வாங்கி ஒவ்வொன்றாக நறுக்கினேன். மூன்றாவது டை அறுந்ததுமே மேலேயிருந்து, "அட, ஒத்த விரல்ல சுத்துது சார்!" என்று குரல் வந்தது. என் மூக்குக்கு முன்னால் கேபிள் அசைந்தது. துளியூண்டு. பழைய டிரைவர் சொன்ன அதே அளவு. அங்கேயே படுத்துக் கிடந்தேன். எண்ணெய்த் தண்ணீர் பனியனுக்குள் ஏறியதுகூட உறைக்கவில்லை.

"என்ன சார் கோளாறு?" என்று கேட்டார் புது டிரைவர்.

"கொஞ்சம் டைட்டா இருந்துச்சு" என்றேன். அறுந்த ஐந்தையும் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தி. நகர் போய், அண்ணாச்சியைத் தனியாகப் பிடித்து, அந்த ஐந்து துண்டையும் மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அந்த ஆள் குடிக்கவே இல்லை, கூப்பிட்டுத் திரும்ப வேலை கொடுங்கள் என்றேன். அவர் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"படகு இப்ப ஓடுதுல்லா?"

"ஓடுது அண்ணாச்சி."

"அப்ப விடும். தோள் போன ஆள வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? சம்பந்தி வீட்டுக்கு வேற, குடிகாரன வெரட்டிட்டேன்னு சொல்லியாச்சு. இனிப் போயி, இல்ல, எங்க மெக்கானிக்கு தப்புன்னு சொல்லவா?" துண்டுகளை என் பக்கம் தள்ளினார். "குடிச்சான்னு நானா சொன்னேன்? நீருதான காட்டுனீரு." கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்துக் காட்டினார். நான் காட்டிய மாதிரியே.

பட்டினப்பாக்கம் போக இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. ரோட்டோர மீன் கடைகளில் ஒன்று பழைய டிரைவரின் சம்சாரத்துடையது. கடையோரம் கவிழ்த்த கூடைமேல் டிரைவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

"வந்துட்டியா? இன்னும் இன்னா பாக்கி கீதுன்னு வந்த? குப்பமே சிரிக்குது! எந்தப் போட்டுலயும் ஏத்த மாட்றானுங்கோ. பெத்த பொண்ணு, அப்பா மறுபடி குட்சிட்டியான்னு கேட்டு, பேத்தி தலைல கைய வச்சி சத்தியம் பண்ணச் சொல்லிச்சி. இந்த மனுசன் வச்சான்யா! தூக்க முடியாத கையத் தூக்கி வச்சான்! உனுக்கு மன்சாட்சி கீதா?"

அவர் கையமர்த்தினார். நான் நின்றபடியே சொன்னேன். ஆயுத பூஜைக்கு நான் கட்டியது, அதனால் ஸ்டீயரிங் செத்தது, விரலால் காட்டியது, ஒன்று விடவில்லை. கேட்டு முடித்து அவர் கேட்டது இதுதான்.

"அந்த பைப்பு இப்ப அசையுதா?"

"அசையுது."

"சொன்னேன்ல" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அடித்திருந்தால்கூட இதைவிட லேசாக இருந்திருக்கும். காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன், வேறு இடத்தில் வேலை பார்த்துத் தருகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். அவர் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் வாணாம் நைனா. எனுக்குத்தான் தெரியுமே நான் குடிக்கலன்னு, என்கிட்ட எதுக்கு சொல்ற? ஞாயித்துக்கெயம பொண்ணு வரும். தோ அங்க வலை கட்டினு கீறானுங்களே, அவனுங்களும் இருப்பானுங்கோ. அவங்க முன்னால வந்து, என் பேரச் சொல்லி, இந்தாளு குடிக்கல, தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்ட்டுப் போ. அது போதும்."

கண்டிப்பாக வருகிறேன் என்றேன். என் பேச்சை நம்பி அந்த அம்மாள்கூட உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாந்தோம் வரைக்கும் போனேன். மயிலாப்பூரில் ஸ்டீயரிங் என்றால் என் பேரைச் சொல்கிறவர்கள் நாளைக்கு என்ன சொல்வார்கள் என்ற நினைப்பு வந்தது. வண்டியைத் திருப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு போகலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் போகவில்லை. இப்போதெல்லாம் அடையாறு போக வேண்டியிருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை, மந்தைவெளி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். தொழில் ஓஹோவென்று நடக்கிறது. அண்ணாச்சியின் கார்கள் இன்னும் என்னிடம்தான் வருகின்றன.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். திரும்பப் படித்துப் பார்த்தால், இதில் அவர் பேர் இல்லை. என் பேரும் இல்லை. அவர் மகள் கையிலேயே இது கிடைத்து அவள் முழுசாகப் படித்தாலும், இது தன் அப்பாதான் என்று குப்பத்தில் யாரிடமும் அவளால் காட்ட முடியாது.